பிரேக் சரியாகத்தான் இருந்தது

நான் பொய் சொன்னேன். வண்டியில் பிரேக் சரியாகத்தான் இருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் என்ன காரணம் சொன்னாலும் இந்த மூன்றும் மாறப்போவதில்லை.

நான் கொல்லிமலையில் திருப்புலி நாட்டைச் சேர்ந்தவன். மிளகும் காப்பியும் கொஞ்சம் வயலும் வைத்துப் பிழைப்பவன். எங்கள் சின்னச் சபையில் மூப்பனாக இருந்தேன். போதகர் மாதத்துக்கு ஒரு தடவை ராப்போஜனம் கொடுக்க மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என்னுடையது. நன்றாகப் பேசுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கதையில் என் முதல் குற்றம் அதுதான்.

நான் கெடுத்தது ஒரு பங்காளியை. என் சின்னத் தாத்தாவின் பேரன், எனக்குத் தம்பி முறை. அவன் பெயரை எழுதப்போவதில்லை. குற்றம் என்னுடையது. அவன் பெயர் ஊர் வாயில் விழவேண்டிய அவசியம் இல்லை.

எங்களுக்குள் பகை ஒரு வயலால் வந்தது. ஊத்துக்குக் கீழே, எந்தக் கோடையிலும் ஈரம் காயாத துண்டு அது. ஒரு பஞ்ச காலத்தில் அவனுடைய அப்பா அதை என் அப்பாவிடம் ஒத்தி வைத்தார். ஒத்திப் பணம் திரும்பி வந்ததா, வரவில்லையா என்பதுதான் வழக்கு. பட்டா வந்தபோது அது என் அப்பா பெயரில் வந்தது. ஒரு ஊர்க்கூட்டத்தில் ஊர்க்கவுண்டர், பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் எழுந்து நின்று சொன்னான்: "கைநாட்டு வாங்கி ஏமாத்துன ஆளு உங்கப்பன். பைபிளைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த வயலைத் திருப்பிக் கொடு."

செத்துப்போன என் அப்பாவை அப்படிச் சொன்னதற்காகத்தான் அவனை வெறுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். என் அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அவன் அப்பன் பாதிப் பணம் கொடுத்துட்டான்டா. உங்கப்பன் கணக்கு காட்டல." நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் வயல் போய்விடும். அதனால் ஊர்க்கூட்டத்தில் அவன் கத்தியபோது எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. பயமும் வந்தது. அவன் சொல்வது நிஜமாக இருக்கலாம் என்ற பயம். பொய் சொல்கிறவனை ஒருவன் மறந்துவிடலாம். நிஜம் சொல்கிறவனை அப்படி மறக்க முடியாது. அவன் நம் கண்ணில் படும்போதெல்லாம் கணக்கும் கண்ணில் படுகிறது.

அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? கூட்டத்தின் நடுவே கையைக் கூப்பினேன். "தம்பி, நான் கிறிஸ்தவன். உன்னை மன்னிச்சுட்டேன்" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கவேண்டியவன் நான். ஆனால் ஊர் என்னைத்தான் மெச்சியது. பெரிய மனுசன் என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். மன்னிப்பை அவன் மேல் கல்லாக எறிந்தேன். அது பட்டது என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு சத்துருவைச் சிநேகிப்பது பற்றி நான் பிரசங்கம் செய்யாத வருடம் இல்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரம், லூக்கா ஆறாம் அதிகாரம் இரண்டும் எனக்கு மனப்பாடம். பகைக்கிறவனுக்கு நன்மை செய், சபிக்கிறவனை ஆசீர்வதி, துன்பப்படுத்துகிறவனுக்காக ஜெபம் பண்ணு என்று இயேசு மலைமேல் சொன்னதை மலைமேல் நின்றே சொல்கிறோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். ஜனங்கள் ரசிப்பார்கள். ரோமர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பசித்த சத்துருவுக்குச் சாப்பாடு போடச் சொல்லும் இடத்தில், அதனால் அவன் தலைமேல் நெருப்புத் தழல் குவியும் என்று வருகிறதே, அந்த இடம் வரும்போது என் குரல் தானாக உயரும். சாப்பாட்டை நான் கவனிக்கவில்லை. தழலைத்தான் கவனித்தேன்.

பிரசங்கத்துக்கு எனக்குக் கதை தேடவேண்டிய வேலை இல்லை. எங்கள் மலையிலேயே ஒரு கதை உண்டு. ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913-ல் கல்யாணம் ஆன கையோடு வாழவந்தி நாட்டுக்கு வந்து வீடு கட்டினார்கள். இங்கிலாந்துக்காரர்கள். ரோடு இல்லாத காலம். மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டுப்பூச்சி வளர்க்கவும் தச்சு வேலை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். வருடக்கணக்கில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் அங்கே இருந்த ஒரு பூசாரி. இவர்கள் பக்கம் யாரும் போகக்கூடாது என்று தடுத்தவர் அவர்தான். அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். தன் சாமியையும் தன் பிழைப்பையும் அவர் காத்துக்கொண்டார்.

பிறகு 1918, 1919 கால விஷக் காய்ச்சல் மலையேறி வந்தது. உலகத்தில் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற அதே இன்ஃபுளுயன்சா. அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். ஊர்க்காரர்கள் பயந்து எட்ட நின்றுவிட்டார்கள். அந்த வாசலுக்குள் போனது பிராண்ட் தம்பதிதான். கஞ்சி கொடுத்தார்கள். துடைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே இருந்தார்கள். புருஷனும் பெண்சாதியும் பிழைக்கவில்லை. சாவதற்கு முன் அந்தப் பூசாரி தன் பிள்ளைகளை வேறு யாரிடமும் கொடுக்காமல், தான் எதிர்த்த அந்த வெள்ளைக்காரர்களிடமே ஒப்படைத்தார். கைக்குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மலையில் சபை என்று ஒன்று உண்டானது. ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் மாதம் காய்ச்சலில் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். ஈவ்லின் ஓய்வு வயதுக்குப் பிறகும் மலைக்குத் திரும்பி வந்து, 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை மலை மலையாகச் சுற்றினார். புருஷன் பக்கத்திலேயே அவரையும் வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது என் கண் கலங்கும். நடிப்பு இல்லை. நிஜமாகவே கலங்கும். அதில்தான் ஏமாந்தேன். கதை கேட்டு அழுகிறவன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் அந்த வீட்டுக்குள் கஞ்சியோடு போகிற ஆள். எட்ட நின்ற ஊர்க்காரர்களில் ஒருவனாக என்னை ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒடிசாவைப் பற்றியும் சொல்வேன். பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்காக வேலை செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டியோடு வைத்து எரித்தார்கள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஊரைவிட்டு உடனே போகாமல், மகளோடு அங்கேயே இருந்து அதே நோயாளிகளுக்கு வேலையைத் தொடர்ந்தார். கோர்ட்டு தன் வேலையைச் செய்தது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. மன்னிப்பு வேறு, நியாயம் வேறு. ஒன்று மற்றதை அழிக்காது என்று அழகாக விளக்குவேன். ஒரு வயலின் நியாயத்தை மறைத்து வைத்துக்கொண்டு இதை விளக்கினேன்.

இனி அந்த நாள்.

மாசி மாதம், மிளகுப் பறிப்பு. எங்கள் பக்கம் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறது. மரம் வளர வளரக் கொடியும் வளரும். பறிக்கிறவன் மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் சரம் சரமாகக் கிள்ளவேண்டும். மேலே போகப் போக ஏணி ஆடும். எங்கள் ஊரில் அவனைப்போல் ஏறுகிறவன் இல்லை. கூலிக்கும் ஏறுவான். மிளகுக் காலத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் வருடம் ஓடும்.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு ஏணி சறுக்கி விழுந்தான். முழங்கால் திரும்பிப்போய், கால் பின்பக்கமாக மடிந்து கிடந்ததாம். நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகவில்லை.

நாலரைக்கு அவன் பெண்சாதி என் களத்துக்கு ஓடிவந்தாள். நான் தார்ப்பாயில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் செருப்புப் போட்டிருக்கவில்லை. கையில் அவனுடைய சாக்கை அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள், ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதிலிருந்து பச்சை மிளகு சிந்திக்கொண்டே வந்தது. வருடக்கணக்கில் என் வாசல் மிதிக்காதவள்.

"மாமா, வண்டி எடுங்க மாமா. காலு சில்லுனு ஆயிருச்சு."

என் பிக்கப் வண்டி அவளுக்குப் பின்னால்தான் நின்றது.

இந்த இடத்தில் நான் நிதானமாக எழுதவேண்டும். எனக்கு ரத்தம் கொதிக்கவில்லை. பழிவாங்கவேண்டும் என்று தோன்றவில்லை. கோபத்தில் நிலை தவறினேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். நான் அமைதியாகத்தான் இருந்தேன். முதலில் தோன்றியது, 'இப்பத் தெரியுதா என் வாசல்' என்பது. அடுத்து, நான் உடனே எழுந்து ஓடினால் வயல் விஷயத்தில் நான் இறங்கிவந்ததாக ஊர் நினைக்கும் என்பது. மூன்றாவது, இரண்டு மூன்று பேர் வந்து என்னைக் கெஞ்சினால் நன்றாக இருக்கும், கெஞ்சினபிறகு எடுக்கலாம் என்பது. இந்த மூன்றும் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. அந்த மூச்சு முடியும்போது என் வாய் சொன்னது: "பிரேக் சரியில்லம்மா. எழுபது வளைவு எப்படி இறக்கறது?"

நல்ல பொய். காரவள்ளிக்கு இறங்கும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக் சரியில்லாத வண்டியில் எவனும் ஏறமாட்டான், எவளும் ஏறச் சொல்லமாட்டாள். மறுபேச்சுக்கு இடம் இல்லாத பொய்யாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். செம்மேடு ஆஸ்பத்திரி வரைக்குமாவது வாங்க என்று அவள் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. என்னை நம்பினாள். மூப்பன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பினாள். என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அவள் போனபிறகு நான் மிளகைக் கிளறினேன். எழுந்துபோய்ச் சாவியைப் போட்டிருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். என் தப்பு ஒரு நொடியில் நடந்ததாக யாரும் நினைக்கவேண்டாம். அவள் கண்ணில் படும் தூரத்தில் இருந்த நேரம் முழுவதும் நடந்தது. அதற்குப் பிறகும், இருட்டும்வரை நடந்தது.

போர்வையை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அவனைத் தார் ரோட்டுக்குத் தூக்கிப்போனார்கள். மேட்டுக்கு ஏறினால்தான் போனில் சிக்னல். 108 வண்டி ஒரு பிரசவக் கேஸோடு அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது. சோளக்காட்டிலிருந்து பலாக்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லோடு வண்டி கிடைக்க ஏழு மணி தாண்டிவிட்டது. செம்மேட்டுக்குப் போய், அங்கிருந்து வேறு வண்டியில் பனிமூட்டத்தில் இறங்கி, நாமக்கல் போய், அங்கிருந்து சேலம் போய்ச் சேர்ந்தபோது நடுராத்திரிக்கு மேல்.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. ரத்தம் ஓடாத காலை ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, அதற்குமேல் தசை செத்துப்போகும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவனை மேஜையில் கிடத்தும்போது ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நான் வண்டி எடுத்திருந்தால் எட்டு மணிக்குள் சேலத்தில் இருந்திருப்பான். கணக்கு இவ்வளவுதான். இதைப் போட்டுப் பார்க்காமல் பல நாள் தள்ளிவைத்திருந்தேன்.

பொய் அன்றோடு நிற்கவில்லை. மறுநாள் வண்டியைச் சோளக்காட்டுக்கு ஓட்டிப்போய், ஒன்றுமில்லாத பிரேக்கைப் பார்க்கச் சொல்லி, பிரேக் ஆயில் மாற்றி, பில் வாங்கினேன். மெக்கானிக், "நல்லாத்தானே அண்ணா இருக்கு" என்றான். "எதுக்கும் மாத்திரு" என்றேன். அந்தப் பில்லை யாராவது கேட்டால் காட்டலாம் என்று பைபிளுக்குள் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் பிரேக் கெட்ட வண்டி சோளக்காடு வரைக்கும் எப்படிப் போனது என்று ஊருக்கு யோசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவனுக்காக ஜெபித்தேன். பெயர் சொல்லி, குரல் நடுங்க ஜெபித்தேன்.

இப்போது மற்றவர்கள் கொடுத்த விலையைச் சொல்லவேண்டும்.

அவனுக்குப் போனது கால் மட்டும் இல்லை. ஏறுகிறவன் என்ற பெயர் போனது. அதைவைத்துத்தான் அவன் நடமாடினான். அவன் பையன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டான். குத்தகைக்கு முன்பணம் வாங்கிய மிளகு மரத்திலேயே நின்றது. யாராவது ஏறியாகவேண்டும். அப்பா விழுந்த அதே ஏணியில் ஏறினான். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடவேண்டிய பையன் அவன். அவன் அம்மா நூறு நாள் வேலைக்கும் போய், காப்பித் தோட்டக் கூலிக்கும் போய், ராத்திரியில் புருஷனைத் தாங்கிப்பிடித்து வெளியே கூட்டிப்போகிறாள்.

சபைக்கும் விலை உண்டு. ஜெபத்துக்கு வர ஆரம்பித்திருந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் வீட்டுக்காரியிடம், "உங்க சாமி சொல்றது வேற, நீங்க செய்றது வேற, இல்லக்கா?" என்று கேட்டாளாம். சண்டைக்குக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். நூறு வருடத்துக்கு முன் ஒரு எதிரியின் வாசலுக்குள் இருவர் போனதால் இந்த மலையில் ஒரு கதவு திறந்தது. அதே மலையில் நான் அதைச் சாத்தினேன்.

எனக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவற்றையும் வைத்துவிடுகிறேன். தீர்ப்பு சொல்கிறவர்களுக்கு எல்லாம் தெரியவேண்டும்.

சீக்கிரம் போயிருந்தாலும் கால் தங்கியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சில நாள் தூங்கினேன். ஆனால் நான் பொய் சொன்ன நேரத்தில் எனக்கு டாக்டர் சொன்னது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான், என்னிடம் வண்டி இருக்கிறது. இன்னொன்று, அவன் என் இடத்தில் இருந்தால் அவனும் இதைத்தான் செய்திருப்பான் என்பது. அப்படி நினைக்க என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்திருந்தாலும் அது சாக்கு ஆகாது. நன்மை செய்கிறவனுக்கு நன்மை செய்ய வேதம் எதற்கு? மூன்றாவது, என் மனதில் அவன்மேல் அன்பு இல்லாதபோது போலியாக எப்படி உதவுவது என்பது. இந்தச் சாக்குதான் மூன்றிலும் பக்திமானுடையது. அதனால் மூன்றிலும் மோசமானது.

இதற்கு விடை என் பைபிளிலேயே, பில் வைத்திருந்த பக்கத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. யாத்திராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரம். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுவிட்டுப் போகாதே, போய் உதவி செய் என்று மோசேயின் சட்டம் சொல்கிறது. அந்த மனிதன்மேல் உனக்குப் பாசம் வரட்டும், பிறகு போ என்று சொல்லவில்லை. கழுதையைத் தூக்கு என்கிறது. இயேசு இதற்கும் மேலே போனார். நான் மேலே உள்ளதைப் பிரசங்கித்துக்கொண்டு கீழே உள்ள படியைக்கூட மிதிக்கவில்லை. எதிரியின் கழுதைக்குக் கொடுக்கச் சொன்னதை எதிரிக்கே கொடுக்காதவன் நான்.

வள்ளுவரும் இன்னாசெய்யாமையில் இதைத்தான் கேட்கிறார். துன்பம் செய்தவனுக்கு நன்மையைச் செய்துவிடு, செய்ததை மறந்தும்விடு என்கிறார். நான் நன்மையைச் செய்யவும் இல்லை, எதையும் மறக்கவும் இல்லை.

எங்கள் மலைக்கு வல்வில் ஓரி தலைவன். ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைப் போரில் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்த திருமுடிக்காரியும் அதே எழுவரில் ஒருவன். இருவரும் கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதவர்கள். ஆனால் ஒருவன் மற்றவனைக் கொன்றான். கொடைக்கும் பகைக்கும் ஒரே மார்பில் இடம் உண்டு என்று இதிலிருந்து நான் கற்றிருக்கவேண்டும். நானும் சபைக் கட்டடத்துக்கு முதல் நன்கொடை கொடுத்தவன். யாருக்குக் கொடுக்கக் கஷ்டமோ அவனுக்குக் கொடுப்பதுதான் கணக்கில் வரும்.

பிராண்ட் தம்பதிக்கு 1914-ல் பிறந்த மகன் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தியவர். அந்த நோயில் விரலும் பாதமும் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி செத்துப்போவதால் அடி படுவது தெரியாமல்தான் அழிகின்றன என்று உலகத்துக்குக் காட்டினார். பாதங்களைக் காக்கச் செருப்பு செய்யவைத்தார். எனக்கு நடந்ததும் அதேதான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெறுத்து, அதை மன்னிப்பு என்று பெயர் வைத்து, எனக்கு வலிக்கும் இடமே மரத்துப்போய்விட்டது. அதனால்தான் அவள் செருப்பில்லாமல் நின்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

உண்மையை நான் தானாகச் சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன். பையன் ஏணியில் நிற்பதைப் பார்த்த பிறகும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி பைபிளைத் தூசு தட்டும்போது அந்தப் பில் விழுந்தது. தேதியைப் பார்த்தாள். "நல்ல பிரேக்குக்கா ஆயில் மாத்துன?" என்று கேட்டாள். பிறகு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைத் தாங்கமுடியாமல்தான் போதகரிடம் போனேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்த வீட்டுக்குப் போங்க" என்றார்.

சபைக்கு முன்னும் ஊர்க்கூட்டத்தின் முன்னும் சொன்னேன். பிரேக்கைப் பற்றியும் சொன்னேன், அம்மா சொன்ன ஒத்திப் பணத்தைப் பற்றியும் சொன்னேன். மூப்பன் வேலையை விட்டேன். வயலை அளந்து அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவனுடையதை அவனிடம் கொடுத்தேன், அவ்வளவுதான். பையனைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "இனிமே வேண்டாம்" என்று பையனே சொல்லிவிட்டான்.

கடைசியாக அவன் முன்னால் போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் மண்டியிட்ட ஜெபங்களை எல்லாம் கேட்டுப் பழகியவன்போல் என்னைப் பார்த்தான். "வயலை எடுத்துக்கறேன். அது எங்கப்பனோடது. காலைப் பத்தி என்கிட்ட பேசாத" என்றான். மன்னிப்பு கிடைக்கவில்லை. கேட்டு வாங்க எனக்கு உரிமையும் இல்லை. நான் ஒருகாலத்தில் கேட்காதவன்மேல் மன்னிப்பை எறிந்தவன். கேட்டும் கிடைக்காமல் நிற்பது எப்படி என்று இப்போது தெரிகிறது. அது நியாயம்தான்.

படிக்கிறவர்களுக்கு என்னால் போதிக்க முடியாது. அந்தத் தகுதி போய்விட்டது. ஒன்றை மட்டும் கெட்டுத் தெரிந்துகொண்டவனாகச் சொல்கிறேன். உங்கள் தெருவில் நீங்கள் பேசாத ஒருவர் இருப்பார். பங்காளியோ, சம்பந்தியோ, கூடப் பிறந்தவரோ. அவர்மேல் உங்களுக்கு அன்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வராமலே போகலாம். அவர் வீட்டில் யாராவது விழுந்தால் வெறுப்போடேயே ஓடுங்கள். வண்டியை எடுங்கள். மனது பின்னால் வந்து சேரட்டும். சேராவிட்டாலும் ஒரு மனிதனுடைய கால் இருக்கும்.